மோட்டார் ஓடியும் தண்ணீர் ஏறாதபோது

சென்னையில் எங்கள் வீட்டுக் கீழ்த்தொட்டி நிறைந்திருந்தும், மோட்டார் ஓடியும், மாடித்தொட்டிக்குத் தண்ணீர் ஏறவில்லை, குடத்தில்தான் சுமந்தோம். பம்பில் நீர் ஊற்றினால் சற்று ஏறி நின்றுவிடும். கீழ்த்தொட்டிக்குள் குழாயின் அடிமுனையில் நீர் திரும்ப இறங்காமல் தடுக்கும் புட்வால்வையும், மோட்டாரின் கெபாசிட்டரையும் மாற்றியும் பயனில்லை. எங்கும் சொட்டு ஒழுகாததால் பிளம்பர் இணைப்புகளைச் சந்தேகிக்கவில்லை. ஆனால், பம்புக்கு முன்னுள்ள உறிஞ்சுகுழாயில் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு என்பதால், மோட்டார் ஓடும்போது அங்குள்ள விரிசலில் நீர் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். ஓடவிட்டு ஒவ்வோர் இணைப்பிலும் சோப்பு நுரை தடவினேன். குழாயைக் கழற்றி மாட்ட உதவும் இணைப்பான யூனியனின் அடிப்பக்கத்தில் மட்டும் நுரை மெல்ல உள்ளிழுக்கப்பட்டு மறைந்தது. கழற்றினால், ரப்பர் வாஷர் கல்லாய் இறுகி, மயிரிழை அளவு வெடித்திருந்தது. புது வாஷர் போட்டதும் தண்ணீர் ஏறியது, பெரும் நிம்மதி. யூனியனை அடைப்பது வாஷர்தான் என்பதால், மரையில் டெஃப்லான் டேப் சுற்றுவது இங்கே உதவாது.