முதல் குழந்தையா? பாலூட்ட இப்போதே தயாராவது எப்படி

வளைகாப்பு முடிந்த கையோடு தொட்டில், துணி, பேபி சோப்பு என்று எல்லாம் வாங்கி அடுக்கிவிடுகிறோம். பால் கொடுப்பதை மட்டும் தானாக வந்துவிடும் என்று விட்டுவிடுகிறோம். பால் ஊறுவது தானாக நடக்கும். ஆனால் குழந்தையை மார்பில் சரியாகப் பிடித்துப் போடுவது பழகித்தான் வரும். தாய், பிள்ளை இரண்டு பேருக்குமே அது புதிது. உதவிக்கு யார் என்பதைப் பிரசவத்துக்கு முன்பே முடிவு செய்யுங்கள். பிள்ளை அழுதுகொண்டிருக்கும் நள்ளிரவில் உட்கார்ந்து தேட முடியாது.

முதலில் டாக்டரிடம் கேளுங்கள்

ஏழாம் மாத செக்கப்பிலேயே கேட்டுவிடலாம். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் குழந்தையை என் மார்பில் போடுவீர்களா? சிசேரியன் ஆனாலும் அப்படிச் செய்ய முடியுமா? வார்டில் பாலூட்டச் சொல்லித்தருகிற நர்ஸ் இருக்கிறாரா? பிள்ளையை ஐசியூவில் வைக்க நேர்ந்தால் பாலைப் பீய்ச்சித் தரக் கற்றுக்கொடுப்பார்களா? சிசேரியன் என்றால் பால் வராது என்று பலர் பயமுறுத்துவார்கள். அப்படி எதுவும் இல்லை. படுத்தபடியே பக்கவாட்டில் அணைத்துக் கொடுக்கலாம். காம்பு உள்வாங்கியிருந்தாலோ, தைராய்டு போன்றவற்றுக்கு மாத்திரை எடுத்தாலோ, மார்பில் முன்பு ஆபரேஷன் நடந்திருந்தாலோ அதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

வீட்டாரிடம் பேசுங்கள்

டாக்டரிடம் பேசுவதைவிட இது கஷ்டம், ஆனால் இதுதான் அதிகம் உதவும். பிறந்ததும் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ நாக்கில் தொட்டு வைக்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. ஒரு வயது வரை தேன் கொடுக்கவே கூடாது, அதில் இருக்கக்கூடிய கிருமி பச்சிளம் குழந்தைக்கு ஆபத்து. முதல் சில நாள் மஞ்சளாகக் கொஞ்சமே சுரக்கும் சீம்பாலைப் பிழிந்து கொட்டச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். கொட்டாதீர்கள். நோய் எதிர்ப்புச் சக்தி நிறைந்தது அது.

தண்ணீர் விஷயத்தையும் சேர்த்துப் பேசிவிடுங்கள். கத்திரி வெயிலில் பிறந்த பிள்ளைக்கு நாக்கு வறளுமே என்று பாட்டிமார் பதறுவது அன்பினால்தான். ஆனால் தாய்ப்பாலில் ஏறக்குறைய 88 சதவீதம் தண்ணீர்தான். ஆறு மாதம் வரை சொட்டுத் தண்ணீர்கூட வேண்டாம், வெயில் அதிகமென்றால் அடிக்கடி பால் கொடுத்தால் போதும். தாகம் எடுப்பது உங்களுக்கு, அதனால் ஒரு சொம்புத் தண்ணீர் எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும். பூண்டுக் குழம்பு பிடித்தால் தாராளமாகச் சாப்பிடுங்கள். பத்தியம் என்று வயிற்றைக் காயப்போட வேண்டாம்.

கணவருக்கும் வேலை உண்டு. ஏப்பம் விடவைப்பது, துணி மாற்றுவது, பார்க்க வருகிற கூட்டத்தை நாசூக்காக அனுப்பிவைப்பது எல்லாம் அவர் பொறுப்பு.

பிடித்துப் போடும் முறை

நிதானமாகப் படிக்க வேண்டிய பகுதி இது. முதுகுக்குச் சாய்மானம் வைத்து உட்காருங்கள். குழந்தையின் காது, தோள், இடுப்பு ஒரே கோட்டில் இருக்கட்டும், வயிறு உங்கள் வயிற்றை ஒட்டியிருக்கட்டும். மூக்குக்கு நேராகக் காம்பு வரும்படி பிடித்து, காம்பால் மேலுதட்டை மெல்லத் தொடுங்கள். வாயை அகலமாகத் திறக்கும்வரை பொறுத்திருங்கள். திறந்ததும் குழந்தையை மார்புக்குக் கொண்டு வாருங்கள். நீங்கள் குனிந்து மார்பை அதன் வாய்க்குக் கொண்டுபோனால் முதுகுவலிதான் மிஞ்சும்.

காம்பு மட்டும் வாய்க்குள் போனால் போதாது, அதைச் சுற்றியுள்ள கருவளையமும் பெரும்பகுதி போக வேண்டும். கீழுதடு வெளிப்பக்கம் மடிந்து, தாடை மார்பில் படிந்து, விழுங்கும் சத்தம் கேட்டால் சரியாகப் பிடித்திருக்கிறது. தொடர்ந்து வலித்தால் பிடி சரியில்லை. சுண்டு விரலை வாயோரத்தில் விட்டுக் காற்றை விடுவித்து எடுத்துவிட்டு, மறுபடி போடுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்காதீர்கள், காம்பு வெடிப்பு வருவது பெரும்பாலும் இதனால்தான்.

ஒரு நாளைக்கு 8 முதல் 12 முறை, இரவிலும். கடிகாரத்தைப் பார்க்காமல் பிள்ளையைப் பாருங்கள். தலையைத் திருப்பித் தேடினால், கையை வாயில் வைத்தால் பசிக்கிறது. அழும்வரை காத்திருக்க வேண்டாம்.

பால் போதுமா?

எல்லாத் தாய்மாருக்கும் வரும் பயம் இது. பிறந்த அன்று குழந்தையின் வயிறு ஒரு தேக்கரண்டி அளவே கொள்ளும், சீம்பால் போதும். பால் கட்டி வருவது இரண்டிலிருந்து நான்கு நாளுக்குள். மாலை நேரத்தில் விடாமல் மார்பைத் தேடுவதும் சகஜம், பால் இல்லை என்பதற்கு அது அடையாளம் அல்ல. பயந்து புட்டிப்பால் கொடுத்தால் பிள்ளை மார்பில் குறைவாகக் குடிக்கும், குறைவாகக் குடித்தால் சுரப்பும் குறையும். அப்புறம் நிஜமாகவே போதாமல் போகும்.

ஊகிக்காமல் கணக்குப் பாருங்கள். ஐந்தாம் நாளிலிருந்து ஒரு நாளைக்கு ஆறு முறையாவது சிறுநீர் போக வேண்டும். மலம் கறுப்பு மாறி மஞ்சளாக வேண்டும். முதல் சில நாளில் எடை கொஞ்சம் குறையும், இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிட வேண்டும். அப்படித் திரும்பாவிட்டால் டாக்டரைப் பாருங்கள். அவர் கூடுதல் பால் தரச் சொன்னால் தயங்காமல் கொடுங்கள், அதில் குற்ற உணர்ச்சி வேண்டாம்.

சென்னையில் யாரிடம் போகலாம்

பிரசவம் பார்த்த ஆஸ்பத்திரி நர்ஸ்தான் முதல் ஆள். டிஸ்சார்ஜுக்கு முன் ஒருமுறை பக்கத்தில் நின்று பார்க்கச் சொல்லுங்கள். அடுத்தது உங்கள் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம், எடை பார்க்கவும் சந்தேகம் கேட்கவும் அங்கே போகலாம். போனில் கேட்க 104, அவசரமென்றால் 108. குறைமாதக் குழந்தை, நோயுற்ற குழந்தைகளுக்காக எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனையில் தாய்ப்பால் வங்கி இருக்கிறது. வெளியூர்ப் பயணம் என்றால், 2015-இல் தமிழக அரசு பேருந்து நிலையங்களில் தொடங்கிய பாலூட்டும் அறைகளைத் தேடிப் பாருங்கள்.

எப்போது காத்திருக்கக் கூடாது

பால் குடிக்க எழுப்பியும் எழாத பிள்ளை, சிறுநீர் போகாத பிள்ளை, மஞ்சள் கை கால்வரை இறங்கிய பிள்ளை: உடனே ஆஸ்பத்திரி. மார்பில் ஓரிடம் சிவந்து கன்றிக் காய்ச்சலும் வந்தால் நீங்களும் அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும். அந்தப் பக்கம் பால் கொடுப்பதை நிறுத்த வேண்டாம்.

வேலைக்குத் திரும்பும்போது

சட்டப்படி முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வார விடுப்பு உண்டு. பிள்ளைக்கு 15 மாதம் ஆகும்வரை வேலை நேரத்தில் பாலூட்ட இரண்டு இடைவேளையும் உண்டு. எச்.ஆரிடம் முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். பீய்ச்சிய பால் 25 டிகிரி வரையான அறையில் 4 மணி நேரம் தாங்கும் என்பார்கள். சென்னை வீட்டில் அதை நம்பாமல் உடனே ஃபிரிட்ஜில் வையுங்கள், கதவில் வைக்காமல் உள்ளே தள்ளி. அங்கே 4 நாள் இருக்கும். கொதிக்க வைக்காமல் வெந்நீரில் பாத்திரத்தை வைத்துச் சூடாக்கினால் போதும். வேலையில் சேர்வதற்குச் சில வாரம் முன்பே அம்மாவோ மாமியாரோ பாலாடையில் கொடுத்துப் பழகட்டும். நீங்கள் அப்போது பக்கத்து அறையில் இருந்தால் பிள்ளை மறுக்கக்கூடும், கொஞ்சம் வெளியே போய்விட்டு வாருங்கள்.