பிளக் இல்லாத வீட்டுக்குப் பிளக்-இன் கார் எதற்கு?

ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபுறோவில் பேஸ்மென்ட் ஒன்றில் குடியேறி, நகருக்கு மேற்கே மிசிசாகாவில் வேலை கிடைத்து, முதல் காரைத் தேடத் தொடங்குபவர்களில் பலர் இப்போது பிளக்-இன் ஹைபிரிட் (வீட்டு மின்சாரத்தில் சார்ஜ் ஏற்றி ஓட்டி, அது தீர்ந்ததும் பெற்றோலில் ஓடும் கார்) எடுக்கலாமா என்று கேட்கிறார்கள். அவர்களிடம் நான் முதலில் கேட்பது, இரவில் கார் நிற்கும் இடத்திலிருந்து எத்தனை அடி தூரத்தில் பிளக் இருக்கிறது என்பதையே. அந்த வசதி இல்லாத அடுக்குமாடியில் இருப்பவர்கள் பிளக்கே தேவைப்படாத சாதாரண ஹைபிரிட்டை வாங்கிவிட்டு நிம்மதியாக இருக்கலாம். இரவு சார்ஜ் ஏற்றப்படாத பிளக்-இன் கார், பெரிய பற்றரியின் பாரத்தையும் சேர்த்து இழுக்கும் சாதாரண ஹைபிரிட்தான்.

ஆடம்பர நிறுவனங்களின் கார்களை விட்டால், இந்த வகையில் செடான் என்று கிடைப்பவை பெரும்பாலும் பழைய கார்கள்: ஹொண்டா கிளாரிற்றி, ஃபோர்ட் ஃபியூஷன் எனர்ஜி, ஹியுண்டாய் சொனாட்டா. நான் ஓட்டுவது கிளாரிற்றி. அதன் பற்றரி 17 அலகு (கிலோவாட் மணி) மின்சாரம் கொள்ளும். நிரம்பியிருந்தால் ஏறக்குறைய 76 கிலோமீற்றர் ஓடும் என்பது அரசாங்கக் கணக்கு.

இதற்கு 240 வோல்ற் சார்ஜர் கட்டாயம் தேவையில்லை என்பது பலருக்குத் தெரிவதில்லை. வீட்டிலுள்ள சாதாரண 120 வோல்ற் பிளக்கில், காருடன் வரும் கேபிள் மணிக்கு ஏறக்குறைய 1.4 அலகு வீதம் ஏற்றும். எட்டு மணி நேரத்தில், கோடைகாலத்தில், 50 கிலோமீற்றர் அளவுக்குச் சேர்ந்துவிடும். ஆனால் அந்த பிளக்கின் சர்க்கியூட்டில் வேறெதுவும் இருக்கக் கூடாது. முதல் மாதம் நான் கராஜில் சொருகிய இணைப்பிலேயே வீட்டுக்கார அண்ணையின் ஃபிரீசரும் இருந்தது. நள்ளிரவில் பிரேக்கர் விழுந்து, காலையில் கதவைத் திறந்தவர், "தம்பி, ஆட்டிறைச்சி எல்லாம் உருகிப்போச்சு" என்றார். அன்று முதல் ஃபிரீசர் வேறு சுவருக்கு மாறியது. எக்ஸ்டென்ஷன் கோட் போட்டு ஏற்றவும் வேண்டாம், அது சூடேறும். 240 வோல்ற் இணைப்பு வேண்டுமானால், வீட்டுக்காரரின் சம்மதத்துடன், அனுமதி பெற்ற எலெக்ட்ரீஷியனைக் கொண்டே செய்யுங்கள்.

ஹைட்ரோ பில் (இங்கே மின்சாரக் கட்டணத்துக்கு அதுதான் பெயர்) யார் பெயரில் வருகிறது என்பதையும் வாடகை பேசும்போதே தீர்த்துக்கொள்ளுங்கள். ஒன்ராறியோவில் 2023 மே மாதம் தொடங்கிய இரவுநேரக் குறைந்த கட்டணத் திட்டத்தில், இரவு 11 மணி முதல் காலை 7 மணி வரை ஓர் அலகு அப்போது 2.4 சதமாக இருந்தது; வார நாட்களில் மாலை 4 மணி முதல் 9 மணி வரை அதே அலகு 24 சதம். பின்னர் விலைகள் மாறினாலும் ஏறக்குறைய பத்து மடங்கு என்ற அந்த வித்தியாசம் மாறவில்லை. திட்டம் முழு வீட்டு மீற்றருக்கும் பொருந்துவதால், மாலையில் மேலும் கீழும் இரண்டு குடும்பங்கள் மின்னடுப்பில் இடியப்பம் அவிக்கும் வீட்டில், காரில் மிச்சம் பிடித்தது அடுப்பில் போய்விடும். அப்படிப்பட்ட வீட்டுக்கு இரவு 7 மணிக்குப் பிறகு விலை குறையும் வழக்கமான திட்டமே போதும் என்பது என் எண்ணம்.

குளிர்காலத்தில் ஓடும் தூரம் வெகுவாகக் குறையும். சில மொடல்களில் ஹீட்டரைப் போட்டாலே எஞ்சின் இயங்கத் தொடங்கும், அது பழுதில்லை. புறப்படுவதற்கு முன், கார் பிளக்கில் இருக்கும்போதே உள்ளே சூடாக்கிவிட்டு, பிறகு இருக்கைச் சூட்டை மட்டும் வைத்து ஓட்டினால் பற்றரி தாக்குப்பிடிக்கும். மிசிசாகா போன்ற நீண்ட பயணத்தில், 401 நெடுஞ்சாலை தடையின்றி ஓடும் நேரத்தில் பெற்றோலிலும், நெரிசலிலும் உள்வீதிகளிலும் மின்சாரத்திலும் ஓட்டுவதே நல்லது. நின்று நின்று போகும்போது பிரேக் பிடிப்பதிலிருந்தும் கொஞ்சம் மின்சாரம் திரும்பக் கிடைக்கும். குளிர்கால டயர்களுக்குக் காப்புறுதியில் கழிவு உண்டு, கேட்டு வாங்குங்கள்.

பழைய காரை வாங்கும்போது, பற்றரிக்கான உத்தரவாதம் எத்தனை ஆண்டு மிச்சமிருக்கிறது என்பதை எழுத்தில் பெறுங்கள். முழுச் சார்ஜுடன் ஓட்டிப் பார்க்கக் கேளுங்கள்; விற்பவர் தயங்கினால் அடுத்த காரைப் பார்க்கலாம். டிக்கியைத் திறந்து சார்ஜ் கேபிள் இருக்கிறதா என்றும் பாருங்கள், தனியாக வாங்கப் போனால் சில நூறு டொலர் ஆகும்.