கொறங்காட்டு மண்ணில் கரிமமும் தழைச்சத்தும்: அளவு எங்கே பிசகுகிறது?

காங்கேயம், மூலனூர் பக்கத்துச் செம்மண்ணை ஒரு கை அள்ளினால் வெள்ளை வெள்ளையாகச் சுக்கான் கல் தட்டுப்படும். உழவை நிறுத்தி, கொழுக்கட்டைப் புல் விதைத்து மறுபடி கொறங்காடாக்கிய (வேலியடைத்த மானாவாரி மேய்ச்சல் காடாக்கிய) நிலத்தில் கரிமம் ஏறியதா என்று பார்ப்பவர்களை முதலில் ஏமாற்றுவது இந்தக் கல்தான். அது சுண்ணாம்பு, அதாவது கால்சியம் கார்பனேட். அதில் 12 சதவீதம் கரிமம். மண்ணில் 5 சதவீதம் சுண்ணாம்பு இருந்தாலே 0.6 சதவீதக் கரிமம் கணக்கில் ஏறிவிடும். புல்லின் வேர் சேர்த்தது அதைவிடக் குறைவாகவே இருக்கலாம். ஒரு சிட்டிகை மண்ணில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஒரு சொட்டு விடுங்கள். நுரைத்தால், மொத்தக் கரிமம் காட்டும் எரிப்புக் கருவியில் மண்ணை அப்படியே போடக்கூடாது. அமிலத்தால் சுண்ணாம்பை நீக்கிய பிறகே போட வேண்டும்.

அடுத்தது சரளை. ஆய்வகம் சொல்லும் சதவீதம் 2 மி.மீ. சல்லடையில் இறங்கிய மண்ணுக்கு மட்டும்தான். 10 செ.மீ. ஆழம், அடர்த்தி கன செ.மீ.க்கு 1.5 கிராம், கரிமம் 0.6 சதவீதம் என்றால் எக்டேருக்கு 9 டன் வரும். பருமனில் 30 சதவீதம் சரளையாக இருந்தால் உண்மையில் 6.3 டன்தான். கல்லைக் கழிக்காமல் எழுதிய கணக்கை எத்தனை ஆண்டு கழித்தும் சரிசெய்ய முடியாது, ஏனென்றால் சரளையை யாரும் எடுத்து வைத்திருக்க மாட்டார்கள்.

தழைச்சத்துக்கு (நைட்ரஜனுக்கு) எடுத்த மண்ணை வெயிலில் காயப்போடவே கூடாது. காயும்போதே அம்மோனியமும் நைட்ரேட்டும் மாறிவிடும். பனிக்கட்டிப் பெட்டியில் கொண்டுவந்து, ஈர மண் 10 கிராமுக்கு 2 மோலார் பொட்டாசியம் குளோரைடு கரைசல் 100 மி.லி. ஊற்றி, ஒரு மணி நேரம் குலுக்கி அன்றே வடிகட்டுங்கள். மண்ணே போடாத வெறுங்கரைசல் ஒன்றையும் கூடவே வடிகட்டுங்கள். வடிதாளிலிருந்தும் அம்மோனியம் இறங்கும். ஈரம் எவ்வளவு என்று அறிய இன்னொரு பிடி மண்ணை 105 டிகிரியில் உலர்த்துங்கள்.

கோடைக்குப் பிறகு முதல் மழை விழுந்ததும் நுண்ணுயிர்கள் ஒரேயடியாக விழித்துக்கொள்ளும். சில நாட்களுக்கு மண் விடும் கரியமிலவாயு எகிறும், நைட்ரேட்டும் கூடும். ஒரு காட்டில் மழைக்கு முன்பும் இன்னொன்றில் பின்பும் மண் எடுத்தால் நீங்கள் ஒப்பிடுவது மழையை, புல்லை அல்ல.

வெள்வேல மரத்தடியையும் வெட்டவெளியையும் ஒரே பையில் கலக்காதீர்கள். ஆட்டுப்பட்டி போட்ட இடத்தைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். ஒப்பிடுவதற்குக் கிணற்றுப் பாசனத் தோட்டம் ஆகாது. அதே மண், அதே சரிவில் இன்றும் உழுகிற மானாவாரிக் காடு வேண்டும். குளத்து வண்டல் அடித்த நிலமா என்று காட்டுக்காரரிடம் கேட்காமல் மண்வெட்டியை எடுக்காதீர்கள்.