டிரம் செட்டின் ஹார்டுவேரை மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கன்னியாகுமரி மாவட்டத்தின் குழித்துறையிலிருந்து களியக்காவிளை வழியாகப் பாறசாலை வரை உள்ள ஊர்களில், தேவாலயப் பாடகர் குழுக்களிடமும் கானமேளாக் குழுக்களிடமும் இருக்கும் டிரம் செட்களில் பெரும்பாலானவை நடுத்தர விலையில் வாங்கப்பட்டவை. பல, ஏற்கெனவே ஒருவர் வாசித்துக் கைமாறியவை. வாங்கிய சில மாதங்களில் 'சத்தம் அமுங்குகிறது' என்ற குறை தொடங்கும். அடுத்து டிரம்மைத் தாங்கும் மவுண்டை மாற்றுவது, விளிம்பு வளையமான ஹூப்பை மாற்றுவது, பட்டறைக்குக் கொண்டுபோய்ப் புதிய துளை இடுவது என்று செலவு நீளும். இந்தச் செலவில் பெரும்பகுதி வீண் என்பது என் உறுதியான கருத்து. டிரம்மில் ஒலியை உண்டாக்குவது இரு பக்கமும் பூட்டிய படலமான ஹெட்டும் டிரம்முக்குள் அடைபட்ட காற்றும் அவற்றோடு சேர்ந்து அதிரும் உடலான ஷெல்லும்தான். மவுண்ட், ஹெட்டை இறுக்கும் திருகுகளை ஷெல்லில் ஏற்கும் லக், ஹூப், கால்கள், ஸ்டாண்ட் ஆகிய உலோகப் பகுதிகள் அந்த அதிர்வைத் தடுக்கின்றன, அல்லது தடுக்காமல் விடுகின்றன. எந்தப் பகுதி தடுக்கிறது என்று கண்டுபிடிக்காமல் எதை மாற்றினாலும் அது குருட்டு வைத்தியமே.

ஆகவே முதல் தவறு, தேய்ந்துபோன ஹெட்டை வைத்துக்கொண்டு ஹார்டுவேரைக் குறை சொல்வது. 1957-இல் ஹெட் தயாரிக்கும் ரெமோ நிறுவனம் தொடங்கப்பட்ட காலத்திலிருந்து கன்றுத்தோலின் இடத்தைப் பாலியெஸ்டர் படலம் பிடித்துக்கொண்டது. தோலைப் போல இது மழைக்காலத்தில் ஈரம் குடித்துத் தளர்வதில்லை என்பதால், பலர் இதற்கு ஆயுள் முடிவே இல்லை என்று எண்ணிவிடுகிறார்கள். குச்சி படும் இடத்தில் குழி விழுந்து, மேல்பூச்சு உதிர்ந்த ஹெட்டை எந்த மவுண்டும் காப்பாற்றாது. அடியில் இருக்கும் ஹெட்டைச் செட் வாங்கிய நாளிலிருந்து தொடாதவர்களும் உண்டு. ஒலி எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதில் அதற்குப் பெரும் பங்கு இருக்கிறது. இரண்டு பக்கமும் புதிய ஹெட் போட்டு, ஹெட்டை இறுக்கும் நீண்ட திருகான ஒவ்வொரு டென்ஷன் ராடின் அருகிலும் ஒரே சுருதி வரும்படி டிரம் கீயால் சரிசெய்த பிறகும் குறை இருந்தால்தான் அடுத்த பேச்சு.

அந்த அடுத்த பேச்சு பெரும்பாலும் டாம்களின், அதாவது பேஸ் டிரம்முக்கு மேலே பொருத்தும் நடுத்தர டிரம்களின், மவுண்டைப் பற்றியதாக இருக்கும். கருங்கல் பக்கம் ஒரு பாடகர் குழுவில் வாசிக்கும் இளைஞர் என்னிடம், "அண்ணே, ஷெல்லு கெட்டுப்போச்சுண்ணு நெனைக்கேன், வேற டாம் வாங்கலாமா?" என்று கேட்டார். "வாங்காண்டாம் மக்கா, மொதல்ல அதக் கழத்திக் கையில பிடி" என்றேன். மவுண்டிலிருந்து கழற்றி, ஹூப்பின் விளிம்பை இரண்டு விரல்களால் தூக்கிப் பிடித்து, மறு கையால் நடுவில் அடித்தபோது அந்த 12 அங்குல டாம் வயிறு நிறைந்த ஒலியுடன் நீண்டு ஒலித்தது. அதையே மீண்டும் மவுண்டில் செருகி, திருகை இறுக்கி, அதே வேகத்தில் அடித்தபோது ஒலி உடனே அறுந்தது. அவருடைய ஷெல்லில் எந்தக் கேடும் இல்லை. ஷெல்லுக்குள் நுழைந்து நின்ற இரும்புக் குழாய்தான் அதிர்வைக் குடித்துக்கொண்டிருந்தது. டிரம் செட் வைத்திருக்கும் எவரும் காசு செலவழிக்கும் முன் செய்ய வேண்டிய சோதனை இது ஒன்றே. கையில் பிடித்தபோதும் ஸ்டாண்டில் வைத்தபோதும் ஒலி ஒன்றுபோல அமுங்கியிருந்தால் மவுண்டின் மேல் பழி இல்லை. ஹெட்டையும் அது உட்காரும் ஷெல் விளிம்பையும் பார்க்க வேண்டும்.

நம் பகுதியில் செண்டையை அறியாதவர் இல்லை. பலா மரத்தில் குடைந்த அந்த வாத்தியம் வாரில் கட்டித் தோளிலிருந்து தொங்குகிறது. அதன் உடலை எந்த உலோகமும் துளைத்துப் பிடிப்பதில்லை. டாமுக்குள் குழாயை நுழைக்காமல் தொங்கவிடும் மவுண்ட்களின் அடிப்படையும் அதுவே. கேரி காகர் உருவாக்கிய ரிம்ஸ் என்ற வளையம் டென்ஷன் ராட்களைப் பிடித்துக்கொண்டு டாமைத் தாங்குகிறது. யமஹாவின் யெஸ் மவுண்ட் ஷெல்லில் அதிர்வு குறைவாக இருக்கும் இடத்தை மட்டும் தொட்டுத் தாங்குகிறது. இவற்றை வாங்கிப் பொருத்தும்போது நேரும் தவறுகள் இரண்டு. வளையத்துக்கும் டென்ஷன் ராடுக்கும் இடையில் இருக்க வேண்டிய ரப்பரைத் தேவையில்லை என்று எறிந்துவிடுவது ஒன்று. உலோகத்தை உலோகம் நேரடியாகப் பிடித்தால், தொங்கவிட்டதன் பலன் பாதி போய்விடும். பழைய குழாயும் அதன் தகடும் ஷெல்லிலேயே இருக்க, அதன்மேல் புதிய வளையத்தைப் பூட்டுவது மற்றொன்று. தடித்த ஷெல் கொண்ட மலிவான டாம்களில் இந்த மவுண்டால் வரும் மாற்றம் சிறிதாகவே இருக்கும் என்பதையும் முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது. மேலும், தொங்கும் டாம் ஒவ்வோர் அடிக்கும் சற்று ஆடும். அந்த ஆட்டம் பிடிக்காமல் திருகுகளை மேலும் மேலும் இறுக்கினால் மீண்டும் பழைய நிலைக்கே வந்து சேர்வோம்.

தரையில் கால்களில் நிற்கும் ஃப்ளோர் டாமுக்கும் இதே சோதனை பொருந்தும்: ஹூப்பைப் பிடித்துத் தரையிலிருந்து ஒரு விரல் அளவு தூக்கி அடித்துப் பார்க்கலாம். தூக்கும்போது ஒலி நீண்டால், கால்களின் நுனியில் உள்ள ரப்பர் கெட்டியாகிவிட்டது, அல்லது தேய்ந்து உள்ளிருக்கும் கம்பி தரையைத் தொடுகிறது என்று பொருள். ரப்பர் விளையும் நாட்டில் நாம் இதற்காக வெளியூர் உதிரிபாகத்தைத் தேடிக் காத்திருக்க வேண்டியதில்லை. உள்ளே பொள்ளலான மிருதுவான ரப்பர் குமிழ்கள் போதும், அவசரத்துக்கு ஒவ்வொரு காலின் அடியிலும் சிறு ஸ்பாஞ்சுத் துண்டு வைத்தாலும் வேறுபாடு காதுக்குத் தெரியும்.

ஹூப்பை மாற்றுவது மிகவும் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் மாற்றம். சாதாரணச் செட்களில் வரும் மடித்த எஃகு ஹூப் பெரும்பாலும் 1.6 மில்லிமீட்டர் தடிப்பு, உயர்ந்தவற்றில் 2.3 மில்லிமீட்டர். துத்தநாகக் கலவையில் வார்க்கப்படும் டை-காஸ்ட் ஹூப் இவற்றைவிடக் கனமும் விறைப்பும் கொண்டது. விறைப்பு கூடும்போது சில்லென்று தெறிக்கும் மேல் ஒலிகள் குறைந்து, ஒலி நடுவில் குவிகிறது. அடியில் கம்பிகள் கொண்ட ஸ்நேர் டிரம்மில், ஹூப்பையும் ஹெட்டையும் ஒன்றாக அடிக்கும் ரிம் ஷாட்டும் விளிம்பில் குச்சியைப் படுக்க வைத்துத் தட்டும் அடியும் கணீரென்று கேட்கும். இந்தக் காரணத்தால் ஸ்நேரின் மேல்பக்கத்துக்கு அது நல்ல மாற்றமே. அதே ஹூப்பை மெல்லிய ஷெல் கொண்ட டாம்களில் இரு பக்கமும் போட்டால், கூடுதல் கனமே ஒலியைச் சுருக்கிவிடும். ஏற்கெனவே 'அமுங்குகிறது' என்று குறைப்பட்டவர் மேலும் அமுக்குவதற்குக் காசு கொடுக்கிறார். வாங்கும் முன் துளைகளை எண்ணுவதும் அவசியம்: 14 அங்குல ஸ்நேரில் 8 லக்கும் உண்டு, 10 லக்கும் உண்டு, ஒன்றின் ஹூப் மற்றதற்குப் பொருந்தாது. ஸ்நேரின் அடிப்பக்க ஹூப்பில் கம்பிகளின் பட்டை வெளியேறுவதற்கு இரண்டு வாய்கள் இருக்கும். அந்த வாய்கள் இல்லாத மேல் ஹூப்பை அடியில் போட்டு இறுக்கினால் பட்டை நசுங்கும், கம்பிகள் ஹெட்டின் மேல் சமமாகப் படியாது. வளைந்த ஹூப்பைச் சுத்தியலால் தட்டி நிமிர்த்தித் திரும்பப் போடுவதையும் நான் ஏற்கமாட்டேன். கண்ணுக்கு நேராகத் தெரிந்தாலும் சுருதி ஒருபோதும் சேராது.

ஸ்நேரில் இன்னொரு பழக்கம் பரவியிருக்கிறது. டாமை அடித்தால் ஸ்நேர் கம்பிகள் 'ஸ்ர்ர்' என்று கூடவே பேசும். அதை நிறுத்தக் கம்பிகளை முழுவதும் இறுக்கிவிடுகிறார்கள். இறுகிய கம்பி அடிப்பக்க ஹெட்டை நெரித்து, ஸ்நேரின் சொந்த ஒலியையே கொன்றுவிடும். டாமின் சுருதியைச் சற்று ஏற்றியோ இறக்கியோ, கம்பிகளின் இரு முனையிலும் உள்ள அடி லக்குகளைச் சிறிது தளர்த்தியோ பார்த்தால் பெரும்பாலும் அடங்கும். முழுவதும் அடங்காவிட்டாலும் பத்து அடி தள்ளி நிற்பவருக்கு அது கேட்காது. 20 கம்பிகள் உள்ள இடத்தில் 42 கம்பிகளைப் போடுவதும் இதே போன்றதுதான்: சலசலப்பு கூடும், ஷெல்லின் ஒலி பின்னால் போய்விடும், ஷெல் விளிம்பில் கம்பிகளுக்கென்று வெட்டிய பள்ளம் அத்தனை அகலத்துக்குப் போதாமலும் போகலாம்.

காலால் பெடலை மிதித்து அடிக்கும் பேஸ் டிரம்மின் முன் ஹெட்டில் மைக்குக்காகத் துளை வெட்டுவோர், நடுவில் பெரிதாக வெட்டிவிடுகிறார்கள். 22 அங்குல ஹெட்டில் 4 அல்லது 5 அங்குலத் துளை, விளிம்பை ஒட்டி ஒரு பக்கமாக இருந்தால் போதும். அதைவிட மிகப் பெரிதானால் முன் ஹெட் இருந்தும் இல்லாததற்குச் சமம், காற்று திரும்பி வராமல் வெளியேறி, அடி மட்டும் கேட்கும். பிளேடு வழுக்கி விளிம்பில் சிறு கீறல் விழுந்தாலும் அங்கிருந்து கிழியும் என்பதால், துளையைச் சுற்றி ஒட்டும் பிளாஸ்டிக் வளையம் அவசியம். மைக் இல்லாத சிறிய தேவாலயத்தில் துளையே வேண்டாம். அங்கே பெடலின் அடிக்கும் தலையான பீட்டரும் கம்பளி ஃபெல்டாக இருக்கட்டும். மரமோ பிளாஸ்டிக்கோ மாட்டினால் 'டக்' என்ற ஓசை முன்னே வரும், ஒற்றைப் படல ஹெட்டில் ஒட்டுத் துண்டு இல்லாமல் அடித்தால் சீக்கிரம் ஓட்டையும் விழும்.

குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்று லக்கின் மரையை அரிக்கிறது. துரு இறுகியதும் டென்ஷன் ராடை வலிந்து திருப்புகிறார்கள். மரை கழன்றதும் கையில் கிடைத்த போல்ட்டைப் போடுகிறார்கள். எல்லா நிறுவனங்களின் மரையும் ஒன்றல்ல, சோனர், டி.டபிள்யூ. நிறுவனங்களின் சில செட்களில் அது வேறு அளவு. பழைய ராடைக் கையோடு கொண்டுபோய், விரலாலேயே தடையின்றிச் சுழல்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். ராட் தளர்கிறது என்று பசை ஊற்றுவது, பிறகு சுருதி சேர்க்கவே முடியாமல் செய்யும். மரையில் சிறிது கிரீஸும், ராடின் தலைக்கடியில் நைலான் வாஷரும் போதுமானவை. ஷெல்லின் உள்ளே லக்கைப் பிடிக்கும் திருகுகளை ஹெட் மாற்றும்போதெல்லாம் தொட்டுப் பார்ப்பது நல்லது. 'ஷெல் பிளந்துவிட்டது' என்று பயமுறுத்தும் கடகட ஓசைக்குப் பல நேரம் அங்குள்ள ஒரு தளர்ந்த திருகோ, பழைய லக்கினுள் ஆடும் ஸ்பிரிங்கோதான் காரணம். ஸ்பிரிங்கானால் லக்கைக் கழற்றி உள்ளே சிறு பஞ்சை வைத்தால் தீர்ந்தது. லக்குகளையே பித்தளைக்கு மாற்றினால் ஒலி மாறும் என்பவர்களுக்கு என் பதில், அந்தப் பணத்தில் நல்ல ஹெட் வாங்குங்கள் என்பதே.

சிம்பலைப் பற்றி ஒன்று மட்டும்: திருவிழா மேடையில் காற்றுக்குப் பயந்து சிம்பலின் மேலுள்ள விங் நட்டை இறுக்காதீர்கள், ஸ்டாண்டின் கம்பியை மூடும் பிளாஸ்டிக் குழல் இல்லாமலும் மாட்டாதீர்கள். முதலாவதால் ஒலி நெரிபட்டு விளிம்பில் வெடிப்பு வரும். இரண்டாவதால் நடுத்துளை சாவித்துவாரம் போல அறுபடும்.

ஷெல்லில் துளையிடுவது மட்டும் திரும்பப் பெற முடியாத மாற்றம் என்பதால், மற்ற எல்லாவற்றையும் சோதித்த பிறகே அதற்குப் போக வேண்டும். இட்டே ஆக வேண்டுமானால் மேல்உறையின்மீது டேப் ஒட்டி, உள்பக்கம் ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுத்து, சிறிய துரப்பணத்தில் தொடங்கி வெளியிலிருந்து உள்ளே துளைக்க வேண்டும். முட்டு இல்லாவிட்டால் உள் பலகையின் இழை சிம்பு சிம்பாகப் பெயரும். நம் மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் கிடைப்பதால், துளையில் பூச்சில்லாமல் தெரியும் மரம் ஈரம் குடித்து, ஒட்டுப்பலகையின் அடுக்குகள் பிரியத் தொடங்கும். துளையின் உட்சுவரில் இரண்டு முறை வார்னிஷ் தடவிக் காயவிட்ட பிறகே உலோகத்தைப் பொருத்த வேண்டும். இந்த வேலைக்கு ஆட்கள் தேடி வருவது பெரும்பாலும் கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரத்தில். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த காற்று விலகாத அந்த நாட்களில் வார்னிஷ் எளிதில் காயாது. அப்போது ஹெட்டையும் ரப்பரையும் மட்டும் மாற்றிப் பண்டிகையை நடத்திவிட்டு, துளையிடுவதைத் தை பிறந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.