காட் கேட்டா தொட்டில் வரும், பாத்து கேளுங்க

நம்ம ஊர் ஃபர்னிச்சர் கடைக்குள்ள நுழைஞ்சாலே "காட் மட்டும் போதுமா, பெட்டும் சேத்து வேணுமா"ன்னு தான் கேப்பாங்க. காட்னா கட்டில், பெட்னா மெத்தை, நமக்கு அதுல ஒரு குழப்பமும் இல்ல. இதே கணக்க வச்சுக்கிட்டு வெளிநாட்டுல போய் பேசினா தான் ரெண்டுமே சொதப்பும்.

லண்டன்ல ஹோட்டல் புக் பண்றீங்க, கூட அம்மாவும் வர்றாங்க, "எக்ஸ்ட்ரா காட் ஒன்னு போடுங்க"ன்னு எழுதிட்டீங்கன்னா ரூம்ல சுத்தி கம்பி அடைச்ச குழந்தை தொட்டில் ஒன்னு நிக்கும், ஏன்னா பிரிட்டன்ல காட்னாலே அது கைக்குழந்தைக்குத் தான். அமெரிக்கால அந்த தொட்டிலுக்கு கிரிப்னு பேரு, அங்க காட்னா மடக்கி வைக்கிற கேன்வாஸ் கட்டில், ராணுவ கேம்ப்ல போடுவாங்களே அது. ரெண்டு ஊர்லயும் தப்பில்லாம "எக்ஸ்ட்ரா பெட்"னு கேட்டுடுங்க, வேலை முடிஞ்சுது.

மொழிபெயர்க்கிறவங்க கவனிங்க, "காட் டெத்"ன்னா கட்டில்லேர்ந்து விழுந்து செத்தது இல்ல. நல்லா இருந்த பச்சக்குழந்தை தூக்கத்துலயே காரணம் தெரியாம திடீர்னு இறந்து போறது.

இதுல கூத்து என்னன்னா, வெள்ளைக்காரன் இந்த 'காட்'ங்கிற வார்த்தைய எடுத்ததே இங்கேருந்து தான். 17ஆம் நூற்றாண்டுல வியாபாரத்துக்கு வந்தவங்க இந்தி 'காட்'ட புடிச்சுக்கிட்டாங்க, அதுக்கு மூலம் சமஸ்கிருத 'கட்வா', அந்த கட்வாவே திராவிட மொழிலேர்ந்து போயிருக்கலாம்னு சொல்லி நம்ம 'கட்டில்'ங்கிற வார்த்தைய பக்கத்துல காட்டுது இங்கிலீஷ் டிக்‌ஷனரி. அரசுகட்டில் (சிம்மாசனம்), முரசுகட்டில் (முரசு வைக்கிற கட்டில்)னு சங்க காலத்துலயே புழங்கின வார்த்தை ஆச்சே. அப்புறம் கப்பல்ல ஆஃபிசருங்க படுக்குற தொங்கு கேன்வாஸுக்கும் காட்னே பேர் வச்சு, போற எடமெல்லாம் அர்த்தம் மாறிடுச்சு. அதனால வீட்டு கட்டில காட்னு சொல்றதுக்கு யாரும் வெக்கப்பட வேணாம், என்னைக் கேட்டா நாம தான் பழைய அர்த்தத்த அப்படியே வச்சிருக்கோம்.

பெட் விஷயம் வேற. இங்கிலீஷ்ல பெட்னா கட்டிலும் மெத்தையும் சேந்த மொத்த படுக்கை, மெத்தை மட்டும்னா மேட்ரஸ். "பெட் வாங்கணும்"னு சொல்லிட்டு மெத்தைய நெனச்சுக்கிட்டு இருந்தீங்கன்னா வெளிநாட்டு கடைக்காரன் கட்டில தான் காட்டுவான், மெத்தைக்கு பெரும்பாலும் தனி விலை. தூங்கப் போறேன்னு சொல்ல "கோ டு பெட்" போதும், நடுவுல 'த' போட்டா கட்டில் பக்கமா நடந்து போறேன்னு ஆயிடும், "கோ டு காட்" சொல்லவே சொல்லாதீங்க. "மேக் த பெட்"னா கட்டில் செய்யறது இல்ல, போர்வை பெட்ஷீட்ட ஒழுங்கா விரிச்சு வைக்கிறது.

துபாய் பக்கம் வேலைக்குப் போறவங்களுக்கு "பெட் ஸ்பேஸ்"னு ஒன்னு காதுல விழும். நாலஞ்சு பேர் இருக்குற ரூம்ல ஒரு ஆள் படுக்குற எடம், அவ்வளவு தான், தனி ரூம்னு நெனச்சு அட்வான்ஸ் குடுத்துடாதீங்க. அடுக்கு கட்டிலா இருந்தா மேல் தட்டா கீழ் தட்டான்னும் முன்னாடியே கேட்டுக்கோங்க.