குறைதீர் கணிதப் பாடம்: மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்லூரியில் சேர்ந்ததும் குறைதீர் கணிதப் பாடத்துக்கு, அதாவது பள்ளிக் கணிதத்தில் உள்ள குறைகளை ஈடுசெய்யும் பாடத்துக்கு, அனுப்பப்படும் மாணவர்களில் பலருக்கு முதல் சில வாரங்கள் எளிதாகவே தோன்றும். பின்னங்கள், குறை எண்கள், எளிய சமன்பாடுகள் என எல்லாமே பள்ளியில் பார்த்தவைதாம். பார்த்ததைத் தெரிந்ததாக எண்ணிக்கொள்வதுதான் இங்கே நேரும் தவறுகளுள் பெரியது. மற்றவை பெரும்பாலும் அதிலிருந்தே கிளைக்கின்றன என்பது என் கருத்து.

அமெரிக்காவில் 1978-இல் நடந்த தேசிய மதிப்பீடு ஒன்றில், 12/13 + 7/8 என்பதன் தோராய மதிப்பு 1, 2, 19, 21 ஆகியவற்றுள் எது என்று 13 வயது மாணவர்களிடம் கேட்கப்பட்டது. இரு பின்னங்களுமே ஏறத்தாழ ஒன்று என்பதால் விடை 2. ஆயினும் ஏறக்குறைய கால்வாசிப் பேரே அதைத் தேர்ந்தெடுத்தனர். பாதிக்கும் மேற்பட்டோர் தொகுதிகளைக் கூட்டினால் வரும் 19-ஐயோ பகுதிகளைக் கூட்டினால் வரும் 21-ஐயோ எடுத்தனர். எண்ணின் அளவைப் பாராமல் விதியைத் தேடும் இப்பழக்கம் பள்ளியோடு நின்றுவிடுவதில்லை. (3 + 4)² என்பதை 3² + 4² என்று விரித்து, 49 வரவேண்டிய இடத்தில் 25 எழுதுவதும், (6 + 2)/2 என்பதில் மேலும் கீழும் உள்ள 2-ஐ அடித்துவிட்டு 6 என்பதும் (சரியான விடை 4) அதே வகைப் பிழைகள். எழுத்துகள் கலந்த கோவையில் இவை கண்ணில் படுவதில்லை. ஆகவே ஐயம் எழும்போது மாறிகளுக்குச் சிறு எண்களை இட்டுப் பார்க்காமல் அடுத்த வரிக்குப் போகக்கூடாது.

தீர்த்துக் காட்டப்பட்ட கணக்குகளைத் திரும்பத் திரும்பப் படிப்பது உழைப்பைப் போலத் தெரியும். ஆனால் தாளை மூடிவிட்டுத் தானே செய்து பார்க்கும்வரை எங்கே தடுக்கிறது என்பது விளங்காது. ஒரே வகைக் கணக்குகளை வரிசையாகப் போடுவதிலும் இதே ஏமாற்று உண்டு: எந்த முறையைக் கையாள்வது என்று தீர்மானிக்கும் வேலையைப் பயிற்சியின் தலைப்பே செய்துவிடுகிறது, தேர்விலோ தலைப்பு இருக்காது.

திருத்திக் கொடுத்த விடைத்தாளில் மதிப்பெண்ணை மட்டும் பார்த்து மடித்து வைப்பவர்கள் அதே பிழையை அடுத்த தேர்விலும் செய்கிறார்கள். விதி தெரியாமல் வந்ததா, குறியைக் கவனியாமல் வந்ததா என்று ஒவ்வொரு பிழைக்கும் அருகில் எழுதிவைத்தால், −3² என்பதும் (−3)² என்பதும் ஒன்றென நினைப்பவருக்கு முன்னதன் மதிப்பு −9, பின்னதன் மதிப்பு 9 என்பது இரண்டாம் முறையிலாவது பிடிபடும்.