பக்கவாத நோயாளியின் கண்பாவை: டார்ச் அடிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக வார்டுக்கு வருபவர்கள் டார்ச் அடித்துப் பார்த்து, ‘பாவைகள் சமமில்லை’ என்று கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். எது பெரிது, எத்தனை மி.மீ., வெளிச்சத்துக்குச் சுருங்கியதா? இவை இல்லாத குறிப்பு அடுத்த ஷிஃப்டுக்கு உதவாது.

பெரிய பாவைதான் கெட்டது என்று முடிவுகட்டுவது

எத்தனை முறை சொன்னாலும் திரும்பத் திரும்ப நடக்கும் தவறு இது. கழுத்துவலியோடு ஓர் இளவயது நோயாளி வருகிறார். வலது பாவை 3 மி.மீ., இடது 4 மி.மீ. எல்லோரும் இடது கண்ணையே சோதிக்கிறார்கள். அது நன்றாகச் சுருங்கியதும் ‘பிறவியிலேயே இப்படித்தான்’ என்று விட்டுவிடுகிறார்கள். வலது மேலிமை ஒன்றிரண்டு மி.மீ. இறங்கியிருப்பதை யாரும் கவனிப்பதில்லை. அது ஹார்னர் சிண்ட்ரோம்: ஒரு பக்கம் பாவை சுருங்கி, இமை லேசாக இறங்கும் கோளாறு. கழுத்து வழியே மூளைக்குப் போகும் கரோட்டிட் தமனியின் உட்சுவர் கிழிந்தால், அதை ஒட்டி ஓடி பாவையை விரிக்கும் சிம்பதெடிக் நரம்புகள் அடிபட்டு இப்படி ஆகலாம். கிழிசலில் உறையும் இரத்தம் மூளைக்குப் போனால் பக்கவாதம். கழுத்து இரத்தக்குழாய்களை ஆஞ்சியோ (இரத்தக்குழாய் படம்) எடுத்துப் பார்க்க வேண்டிய ஆளை வீட்டுக்கு அனுப்புவது மன்னிக்க முடியாதது.

அறை விளக்கை அணையுங்கள். தூரத்தில் ஒரு புள்ளியைப் பார்க்கச் சொல்லி, தாடைப் பக்கமிருந்து மங்கலான வெளிச்சத்தைச் சாய்வாகக் காட்டுங்கள். இருட்டில் வித்தியாசம் கூடினால் கோளாறு சிறிய பாவையில்தான். ஹார்னரில் அது மெதுவாகத்தான் விரியும்; 5ஆவது நொடியில் தெரியும் வித்தியாசம் 15ஆவது நொடியில் குறைந்திருக்கும். பளிச்சென்ற வெளிச்சத்தில் வித்தியாசம் கூடினால் கோளாறு பெரிய பாவையில். பாவையைச் சுருக்கி, இமையைத் தூக்கும் மூன்றாம் கபால நரம்பைச் சந்தேகியுங்கள். இமை நன்றாகச் சரிந்து, விழி கீழும் வெளிப்பக்கமுமாக ஒதுங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். இருட்டிலும் வெளிச்சத்திலும் வித்தியாசம் மாறாமல் 1 மி.மீ.க்குள் இருந்து, இமையும் சரியாக இருந்தால் பெரும்பாலும் இயல்பானதே. பழைய போட்டோ ஒன்று கேட்டுப் பாருங்கள்.

‘ஒரு மணி நேரம் கழித்துப் பார்க்கலாம்’

பெரிய இன்ஃபார்க்டில் (இரத்த ஓட்டம் தடைபட்டு மூளைத் திசு சாவதில்) மூளை வீக்கம் பெரும்பாலும் 2 முதல் 5 நாளுக்குள் உச்சம் தொடும். நினைவு மங்கி, ஒரு பாவை விரிந்து அசையாமல் நின்றால், வீங்கிச் சரியும் மூளை அந்த மூன்றாம் நரம்பை நசுக்குகிறது என்றே கொள்ளுங்கள். தலைமாட்டை 30 டிகிரி உயர்த்தி, மூச்சுப்பாதையைப் பார்த்து, அந்த நிமிடமே சீனியரை அழையுங்கள்.

நெபுலைசரை மறப்பது

நெபுலைசர் மாஸ்க்கிலிருந்து கசியும் இப்ரட்ரோப்பியம் (மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து) பட்ட கண்ணின் பாவை விரிந்து நின்றுவிடும். ஆனால் இமை சரியாது, நினைவும் குறையாது. நினைவு குறைந்தால் பழியை நெபுலைசர் மேல் போடாதீர்கள்.

கண்புரை ஆபரேஷன்?

முன்பு நடந்ததா என்று கேளுங்கள். அதனாலும் பாவை வித்தியாசமாக இருக்கலாம்.

சமமாக இருப்பதால் நிம்மதியடைவது

மயக்கத்தில் இருப்பவரின் இரண்டு பாவைகளும் குண்டூசி முனையளவு இருந்தால் மூளைத்தண்டின் நடுப்பகுதியான பான்ஸில் இரத்தக்கசிவாக இருக்கலாம். மார்ஃபின் வகை மருந்தாகவும் இருக்கலாம். அந்த அளவில் வெளிச்சத்துக்குச் சுருங்குகிறதா என்பதை வெறும் கண்ணால் சொல்வது கடினம். பெரிதாக்கிக் காட்டும் லென்ஸ் வைத்துப் பாருங்கள்.